கைவேலைன்னா ஐஎஸ்ஐ வேணாமா? மாமன் சீருக்கு டிசைனர் செட் வாங்கப் போற தம்பிக்கு

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அக்கா குழந்தைக்கு ஏழு மாசம், அடுத்த மாசம் காது குத்து. தாய்மாமன் சீர்ல வழக்கமா வைக்கிறதோட கொஞ்சம் ஸ்டைலாவும் ஏதாவது வைக்கணும்னு ஆசை. இன்ஸ்டாவுல ஒரு பேஜ்ல டிசைனர் பேபி ஹேம்பர்னு 7,500 ரூபாய்க்கு போட்டிருக்காங்க. டைனோசர் மாதிரி மரக் கிலுகிலுப்பை, மர மணி கோத்த நிப்பிள் செயின், சுத்தி பஞ்சு வச்சு மெத்துமெத்துன்னு ஒரு நெஸ்ட் படுக்கை, நிலா மாதிரி குட்டி லைட்டு, முயல் மூஞ்சி வச்ச லெதர் ஷூ, இவ்ளோதான் செட்டு. ஐஎஸ்ஐ மார்க் காணோமேன்னு கேட்டதுக்கு, "இது ஹேண்ட்மேட் சார், கைவேலைக்கு ஐஎஸ்ஐ தேவையில்ல, சிஇ மார்க் இருக்கு, ஷூ ஆம்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்"னு பதில் வந்திருக்கு. பாதி பணம் முன்னாடியே ஜிபே பண்ணணுமாம். வாங்கலாமான்னு கேக்குறாரு.

தம்பி, செட்டா வாங்காதீங்க. அதுல கிலுகிலுப்பை வேணா தேறலாம், நெஸ்ட்டும் லைட்டும் வேணவே வேணாம். ஆனா உங்க கேள்வியோட முடிச்சு அந்த ஹேண்ட்மேட்ங்கிற பதில்லதான் இருக்கு, அதை முதல்ல அவிழ்ப்போம், ஏன்னா இதே பதிலை வேலூர் சுத்துவட்டாரத்துல எத்தனையோ பேருக்கு சொல்லித்தான் வித்துக்கிட்டு இருக்காங்க.

2021 ஜனவரி 1ல இருந்து நம்ம நாட்டுல 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க விளையாடுற பொம்மை எதுவா இருந்தாலும் ஐஎஸ்ஐ மார்க் இருக்கணும். உள்ளூர்ல செஞ்சாலும் சரி, வெளிநாட்டுல இருந்து வந்தாலும் சரி. இதுல கைவினைக்காரங்களுக்கு ஒரு விலக்கு இருக்குறது நிஜம். அந்த பேஜ்காரங்க பாதி உண்மையைப் பிடிச்சுக்கிட்டு பேசுறாங்க. அந்த விலக்கு யாருக்குன்னா, மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கு கீழ இருக்குற கைவினை ஆணையர் அலுவலகத்துல பதிவு பண்ணின கைவினைஞர், அவரே செஞ்சு அவரே விக்கிற பொம்மைக்கு. செஞ்சு, விக்கிற. ரெண்டும் அவரா இருக்கணும். அவர்கிட்ட பெஹ்சான் கார்டுன்னு போட்டோ போட்ட அடையாள அட்டை இருக்கும். இன்னொண்ணு, புவிசார் குறியீடு வாங்கின பொம்மைங்க, சென்னப்பட்டணம் மரப் பொம்மை, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி, அதையும் அந்தக் குறியீட்டுக்கு பதிவாகி இருக்குறவங்க செஞ்சாத்தான் விலக்கு. எங்கயோ மொத்தமா வாங்கி, அட்டைப்பெட்டில வைக்கோலு தூவி, ரிப்பன் கட்டி, ஹேண்ட்மேட் வித் லவ்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவருக்கு அந்த விலக்குல ஒரு பங்கும் கிடையாது. விலக்கு ஆளுக்குத்தான், கையால செஞ்சதுங்கிற பேச்சுக்கு இல்ல. ஸ்டிக்கரைக் காட்டி விலக்குன்னு சொல்றவங்க, மழையில வெயில்ல கடைசல் மிஷின் முன்னாடி குந்தி வேலை பாக்குற மனுஷனுக்காக குடுத்த சலுகையைத்தான் திருடுறாங்க, எனக்கு இதுல கோவமே வருது.

அதனால ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இதை செஞ்சவர் பேரு, ஊரு என்ன, அவரோட பெஹ்சான் கார்டு போட்டோ அனுப்புங்க." நிஜமான கைவினைஞர்கிட்ட இருந்து வந்ததுன்னா பெருமையா அனுப்புவாங்க. "சப்ளையர் டீடெய்ல்ஸ் ஷேர் பண்ண மாட்டோம் சார்"னு வந்தா, அதோட விட்டுடுங்க.

சிஇங்கிறது ஐரோப்பாவுல விக்கிறதுக்கான குறி. பொம்மை விஷயத்துல பெரும்பாலும் செய்யிறவரே தன் பொருள் சரியா இருக்குன்னு சொல்லி தானே போட்டுக்கிறது. நம்ம ஊர்ல அது ஐஎஸ்ஐக்கு மாத்து கிடையாது, அவ்ளோதான். ஐஎஸ்ஐ இருக்குன்னு சொல்றவங்ககிட்டயும் மார்க்குக்கு கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, ஐஎஸ்ஐ மார்க் குடுக்குற பிஐஎஸ் அமைப்போட பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல அந்த நம்பரைப் போட்டா எந்த கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கினது, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு வந்துடும். நான் பாத்த வரைக்கும் பொம்மைப் பெட்டில பிளாஸ்டிக் வாளிக்காரன் நம்பர் எல்லாம் இருந்திருக்கு.

சரி, கிலுகிலுப்பை கைக்கு வந்துட்டா வீட்டுலயே என்ன பாக்கலாம்? ஏழு மாசக் குழந்தை எதையும் கையால பாக்காது, வாயாலதான் பாக்கும். அதனால வெள்ளைத் துணியை தண்ணியில நனைச்சு பொம்மை மேல நல்லா அழுத்தித் தேயுங்க, சாயம் ஒட்டுச்சுன்னா அது எச்சில்லயும் இறங்கும். மூக்குகிட்ட வச்சுப் பாருங்க, பெயிண்ட் கடை வாசனை அடிச்சா வேணாம். விரலை ஓட்டிப் பாருங்க, சிராய் குத்தக்கூடாது. டைனோசர் முதுகுல ஒட்டின முள்ளு, கண்ணு, எல்லாத்தையும் உங்க பலத்துக்கு இழுங்க, பல்லு முளைக்கிற பிள்ளை எப்படி இழுக்கும்னு உங்க அக்காவைக் கேட்டா சொல்லுவாங்க. மூணு வயசுக்குள்ள பிள்ளைங்க பொம்மையை லேப்ல சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுல ஒரு குழாய் வச்சிருக்காங்க, அதுக்குள்ள முழுசா அடங்குற துண்டு எதுவும் கழண்டு வரக்கூடாது. பத்து ரூபா காசு 27 மில்லிமீட்டர், அதை விட கொஞ்சம்தான் பெருசு அந்தக் குழாய். உருண்டையா இருக்குற சாமானுக்கு இன்னும் கடுமை, தொண்டையில போய் மூடி மாதிரி அடைச்சுக்கும். வீட்டுல கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வளையம் போடுங்க. அதுக்குள்ள நுழையுற எதையும் குழந்தை பக்கத்துல வைக்காதீங்க.

அப்போ அந்த மர மணி செயின்? அறுந்தா ஒவ்வொரு மணியும் அந்த வளையத்துக்குள்ள சுலபமா போகும். வேணாம். பல்லு வலிக்கு நல்லதுன்னு மஞ்சளா ஆம்பர் மணி மாலை விப்பாங்க, அதையும் சேத்தே சொல்லிடுறேன், அமெரிக்காவுல 18 மாசக் குழந்தை தூக்கத்துல அந்த மாலை கழுத்தை இறுக்கி செத்துப்போய் 2018 டிசம்பர்ல அந்த ஊரு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டுச்சு. கழுத்துல எதுவும் போடாதீங்க.

நெஸ்ட் போட்டோல அழகா இருக்கும். ஆனா குழந்தை தூங்குற இடம் சமமா, கெட்டியா, சுத்தி பஞ்சு இல்லாம இருக்கணும், மல்லாக்க படுக்க வைக்கணும்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க. மூஞ்சி அந்த பஞ்சுல புதைஞ்சா மூச்சு அடைச்சுக்கும். அமெரிக்காவுல 2022ல சட்டமே போட்டு, தொட்டிலைச் சுத்திக் கட்டுற பஞ்சு பம்பரையும், தலைப்பக்கம் தூக்கின சாய்வுப் படுக்கையையும் தடை பண்ணிட்டாங்க. நம்ம வெயில்ல பாலியஸ்டர் பஞ்சுக்குள்ள குழந்தையைப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தூளி மட்டும் சரியான்னு கேப்பீங்க, தூளி ஆட்ட பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கும், நெஸ்ட்டை வாங்கினவங்க அதுல போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுறாங்க.

நிலா லைட்டுல உள்ள என்ன பேட்டரின்னு பாருங்க. வட்டமா, பட்டன் மாதிரி, வெள்ளியா மின்னுற லித்தியம் பேட்டரின்னா அந்த வீட்டுக்குள்ளயே போகக்கூடாது. அது உணவுக்குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே சதையை வேக வச்சுடும். முழுங்கிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் குடுத்துப் பாப்போம்னு உக்காராதீங்க, நேரா எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்க்ரூ போட்டு மூடின மூடியா இருந்தா பரவாயில்லைங்கிறது பெரிய பிள்ளைங்களுக்கு. உங்க சீர்ல வேணாம்.

இப்ப அந்த ஷூ. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுன்னு நம்ம பக்கம் உலகத்துக்கே தோலும் செருப்பும் அனுப்புற ஊரு, அதுல எனக்கும் பெருமைதான். அதனாலதான் அந்தப் பேரை வச்சு ஏமாத்துறதைப் பாத்தா சும்மா இருக்க முடியல. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு வெளியில வர்ற சரக்குல ரெண்டு வகை உண்டு. ஆர்டருக்கு மேல தச்சது ஒண்ணு, வாங்குறவன் சோதிச்சு வேணாம்னு தள்ளினது இன்னொண்ணு. நடுவுல இருக்குற புரோக்கர் ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டுறாரு. எதுக்காகத் தள்ளினாங்கன்னு மூட்டையில எழுதியிருக்காது. தையல் கோணலா இருந்தா கண்ணுக்குத் தெரியும், ஆனா குரோமியம் 6 கூடுதலா இருந்து தள்ளியிருந்தா கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது. தோலு பதப்படுத்துறப்போ போடுறது பெரும்பாலும் குரோமியம் 3, அது பெரிய தொந்தரவு இல்ல, பதமும் சேமிப்பும் சரியில்லைன்னா அதுல கொஞ்சம் 6ஆ மாறும், அது தோலுல அரிப்பு, அலர்ஜி எல்லாம் கொண்டு வரும். ஐரோப்பாவுல 2015 மே மாசத்துல இருந்து உடம்புல படுற தோல் பொருள்ல கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு கீழதான் இருக்கணும்னு விதி. ஷூவை வாயில வச்சு சப்புற பிள்ளைக்கு, ஏன் தள்ளினாங்கன்னே தெரியாத தோல் எதுக்கு? அதுவும் நடக்கவே ஆரம்பிக்காத பிள்ளைக்கு. வெறுங்காலோட தரையில தவழட்டும், விசேஷத்தன்னிக்கு மெத்துன்னு காட்டன் சாக்ஸ் போதும்.

ஸ்டைலே வேணாம்னு சொல்ல வரல. பீட்டர் ஆப்ஸ்விக்னு நார்வேக்காரர் 1972ல ட்ரிப் ட்ராப்னு ஒரு மர நாற்காலி டிசைன் பண்ணினாரு, தன் பையன் சாப்பாட்டு மேசையில காலு தொங்க உக்காந்து அவதிப்பட்டதைப் பாத்துட்டு. உக்காருற பலகையும் கால் வைக்கிற பலகையும் பிள்ளை வளர வளர மாத்தி மாட்டலாம். பாக்கவும் வித்தியாசமா இருக்கும், ஒவ்வொரு பலகைக்கும் காரணமும் இருக்கும். இன்னிக்கும் விக்கிது. முதல்ல பிள்ளையைப் பாத்தாரு, அப்புறம்தான் மரத்தைத் தொட்டாரு. நீங்க சொல்ற ஹேம்பர்ல போட்டோ எப்படி விழும்ங்கிறதை மட்டும்தான் பாத்திருக்காங்க.

உங்க பட்ஜெட்டுக்கு நான்னா என்ன பண்ணுவேன்னா, காட்பாடில ரயில் ஏறினா பெங்களூரு, அங்க இருந்து மைசூரு ரோட்டுல சென்னப்பட்டணம், ஒரு நாள் வேலை. வெட்பாலை மரத்தைக் கடைஞ்சு, அது சுத்துறப்பவே அரக்குச் சாயத்தை அழுத்தி, அந்தச் சூட்டுலயே உருக்கி ஏத்துவாங்க, அப்புறம் தாழை ஓலையால தேச்சு பளபளப்பு வர வைப்பாங்க. செஞ்சவர் கையாலயே, அட்டையைப் பாத்துட்டு, ஒரே துண்டா கடைஞ்ச கிலுகிலுப்பை வாங்குங்க. மீதிக்கு உங்க ஊரு கைத்தறிலயே மெல்லிசு காட்டன் எடுத்து, நாடா நீளமா தொங்காம ஜப்லா நாலு தைக்கக் குடுங்க. சீர்த்தட்டுல அதுவும் அழகாத்தான் இருக்கும்.

ஐஎஸ்ஐ இல்லாம பொம்மை வித்தா முதல் தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி 2 லட்சத்துக்கு குறையாத அபராதம்னு பிஐஎஸ் சட்டத்துல இருக்கு. சட்டம் இருந்து என்ன பண்ண, சோதனைக்குப் போறது பெரிய மால்லயும் பெரிய கடையிலயும்தான், போட்டோ பேப்பர்ல வரும். இன்ஸ்டா பேஜ் மேல ஆப்ல புகார் போட்டா முகவரி கேக்குது, முகவரிதான் அவங்க போடவே இல்லையே! ஆன்லைன்ல விக்கிறவங்க பேரு, முகவரி, எந்த நாட்டுப் பொருள், குறையை யார்கிட்ட சொல்றதுன்னு எல்லாம் போடணும்னு 2020லயே விதி வந்தாச்சு. போடாதவங்களை தேடிப் பிடிக்க வேண்டிய வேலையை, குழந்தை பெத்தவங்க தலையில கட்டி வச்சிருக்காங்க.

அட்வான்ஸ் இன்னும் குடுக்கலைன்னா குடுக்காதீங்க. பில்லு, முகவரி, ஜிஎஸ்டி நம்பர் மூணையும் எழுத்துல கேளுங்க, எந்தப் பொருளுக்கு ஐஎஸ்ஐ, எதுக்கு பெஹ்சான் கார்டுன்னு தனித்தனியா கேளுங்க. குடுத்துட்டீங்கன்னா இன்னிக்கே அந்த பேஜ், சாட், பணம் போன நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, வேணாம் பணத்தைத் திருப்புங்கன்னு அதே சாட்ல எழுதுங்க, போன்ல பேசாதீங்க. திருப்பலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிவு பண்ணுங்க, அதுலயும் நகரலைன்னா வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வேணும்னு கட்டாயமும் இல்ல. வாசல்ல நின்னு "மனு நான் எழுதித் தர்றேன்"னு காசு கேக்குறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க, நடந்ததை தேதி வாரியா நீங்களே தமிழ்ல எழுதினா போதும்.