ஆர்டர் முதல் கூரியர் வரை: எந்த மென்பொருளை வாங்குவது?

கேள்வி: சென்னிமலைப் போர்வைகளை இணையத்தில் விற்கிறோம். மாதம் சுமார் 1,500 ஆர்டர். பணம் வந்ததும் பில் போடுவது, ஸ்டாக் குறைப்பது, கூரியர் புக் செய்வது, வாட்ஸ்அப்பில் சொல்வது, கணக்கில் ஏற்றுவது எல்லாம் கையால்தான். இதைத் தானாக நடத்த ஒருவர் ஜேப்பியர் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், "என்எய்ட்என் (n8n) இலவசம், நானே போட்டுத் தருகிறேன்" என்கிறார். மைத்துனர் மகன் ஏர்ஃப்ளோ என்கிறான். எதை வாங்கலாம்?
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: ஏர்ஃப்ளோ வேண்டாம். 2014-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் உருவான அருமையான மென்பொருள்தான். ஆனால் குறித்த நேரத்தில் பெரிய தரவு வேலைகளை வரிசையாக ஓட்டுவதற்கானது. ஆர்டர் வந்ததும் ஓட வேண்டிய உங்கள் வேலைக்குத் தோதுப்படாது.

மற்ற இரண்டில், விலையைப் பார்க்கும் முன் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஜேப்பியர் வெற்றியாக முடிந்த ஒவ்வொரு செயலையும் எண்ணும். ஆர்டருக்கு ஐந்து செயல் என்றால் மாதம் 7,500. நாளைக்கு இன்னொரு படி சேர்த்தால் 9,000. என்எய்ட்என் கிளவுட் சேவையில், அதாவது அந்த நிறுவனமே தன் சர்வரில் நடத்தித் தருவதில், ஓர் ஆர்டருக்கான முழு ஓட்டமும் ஒன்றுதான். எத்தனை படி வைத்தாலும் உங்களுக்கு 1,500.

என்எய்ட்என்னையே சொந்த சர்வரில் போட்டால் அந்தக் கணக்கும் இல்லை, உங்கள் தொழிலின் உள்வேலைக்கு உரிமம் இலவசம். ஆனால் சர்வர் வாடகை, பேக்கப், அப்டேட் பார்ப்பவருக்கான கூலி எல்லாம் உங்கள் தலையில். போட்டுத் தருபவரிடம் என்க்ரிப்ஷன் கீயை (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடு) மறக்காமல் வாங்கி வையுங்கள். அது தொலைந்தால், பேக்கப் இருந்தும் அதில் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்க முடியாது. ஒவ்வொரு கணக்கையும் மறுபடி இணைக்க வேண்டியதுதான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பில் போட்டாகிவிட்டது, கூரியர் சர்வர் பதில் சொல்லவில்லை. அப்போது என்ன நடக்கும்? டெமோவில் எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கூரியர் இணைப்பின் கடவுச்சொல்லை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு ஒரு ஆர்டர் விடச் சொல்லுங்கள். எங்கே நின்றது என்று திரையில் தெரிகிறதா? உங்கள் போனுக்குத் தகவல் வருகிறதா? சரிசெய்தபின் நின்ற படியிலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து ஓடி இரண்டாவது பில் போடுகிறதா?

அப்புறம், ரேசர்பே போன்ற பணம் வசூலிக்கும் சேவைகள் ஒரே "பணம் வந்தது" அறிவிப்பை இரண்டு முறை அனுப்புவதும் உண்டு. அதனால் இந்த ஆர்டர் எண்ணுக்கு ஏற்கெனவே பில் இருக்கிறதா என்று பார்க்கும் படி முதலிலேயே இருக்க வேண்டும். இது தானாக வராது, அமைப்பவர்தான் வைக்க வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு போர்வை போய், ஜிஎஸ்டி கணக்கிலும் இரண்டு பில் ஏறினால், அதைச் சரிசெய்வது கையால் செய்த வேலையைவிடப் பெரிய தலைவலி.

உங்கள் அளவுக்கு என்எய்ட்என் கிளவுட்டில் மாதச் சந்தாவில் தொடங்குவதே நல்லது. ஆண்டுச் சந்தா இப்போது வேண்டாம். பிறகு சொந்த சர்வருக்கு மாற நினைத்தால், அமைத்த வேலைகளைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் பில் என்பதால், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18% வரியை நீங்களே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுக்க வேண்டிவரும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமைத்துத் தருபவருக்கு முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கூரியர் சோதனை, இரட்டை அறிவிப்புச் சோதனை இரண்டும் தேறிய பிறகே கடைசித் தவணை என்று எழுதி வாங்குங்கள்.