கேள்வி–பதில்: இன்னொருவர் சாயல் வந்தால் தப்பா?

கேள்வி: என் மகனுக்கு வயது பதினேழு. நாயனம் கற்கிறான். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுத் தோடி ராகத்தைப் போனில் போட்டு ராத்திரி பகலாகக் கேட்கிறான், அவர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட இவனும் வாங்குகிறான். இப்படியே போனால் உனக்கென்று ஒரு பாணி வராது, கேட்பதை நிறுத்து என்று நாலு பேர் சொல்கிறார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா? (ஒரு தகப்பனார், குத்தாலம்)

பதில்: ஐயா, தயவுசெய்து சொல்லாதீர்கள். மூச்சு வாங்கும் இடம் வரைக்கும் ஒரு பையனுக்குக் காது போகிறது என்றால் அது பெரிய விஷயம், பாதிப் பேருக்கு ராகம் எங்கே ஆரம்பித்தது என்பதே பிடிபடுவதில்லை. ஆனால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கிடைக்கும், அதற்குள் தோடியை அடக்க வேண்டும் என்றால் எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு எடுப்பது என்பதையெல்லாம் அந்தத் தட்டுதான் பாதி முடிவு செய்திருக்கும். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக வாசித்த மனிதர் அவர். உங்கள் பையன் இப்போது அவருடைய மூச்சோடு சேர்த்துத் தட்டின் அவசரத்தையும் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம், ராஜரத்தினம் பிள்ளைக்கே காது எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். அவர் முதலில் பழகியது வாய்ப்பாட்டு. சுருதி தூக்கலாக இருக்கும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் கையில் எடுத்ததற்கும், அதற்காக நரசிங்கம்பேட்டை ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து கடைந்து பார்த்ததற்கும், குழலில் பாட வேண்டும் என்ற அந்த ஆசைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அதே காலத்தில் மாயவரத்துக்குப் பக்கத்துக் கூடலூரில் 1910இல் பிறந்த பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியம் என்ன செய்தார்? ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்தைக் கேட்டுக் கேட்டு அந்த பிருகாக்களை, வேகமாக உருளும் ஸ்வரக் கோவைகளை, தொண்டைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் தொண்டையிலிருந்து குழலுக்குப் போனார், இன்னொருவர் குழலிலிருந்து தொண்டைக்கு வந்தார். ஜி.என்.பி. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரையும் மனசார ரசித்தவர், ஆனால் அவர் பாட்டைக் கேட்டு யாரும் அரியக்குடி என்று ஏமாந்ததில்லை.

புல்லாங்குழல் வித்வான் திருவிடைமருதூர் மாலியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாக நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வழியிலேயே வாசித்திருந்தால் மாலி ஒரு நல்ல குழல் வித்வானாக இருந்திருப்பார், அவ்வளவுதான். அவர் கேட்டது பாடுகிறவர்களை. தொண்டை அசைகிற மாதிரி குழலும் அசைய வேண்டும் என்று துளையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார், ஊதும் விதத்தையும் மாற்றினார். தொண்டையில் சுலபமாக வரும் கமகம், அந்த ஸ்வர அசைவு, எட்டுத் துளை மூங்கிலில் சும்மா வந்துவிடாது, அதற்கு விரல் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் புது வேலை மாலியின் சொத்து.

நான் இளவயதில் பாட்டுக் கற்றபோது ஒரு பெரிய வித்வானின் மேல் பைத்தியமாக இருந்தேன். வயதாகி அவர் குரல் மந்தர ஸ்தாயியில் லேசாகக் கரகரக்கும், நானும் கரகரத்தேன். ஒருநாள் வாத்தியார் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "அவர் தொண்டை கட்டினதைப் பாடறே, அவர் பாட்டு எங்கே?" என்றார். அந்த வருஷம் உற்சவம் பத்து நாளும் என்னைத் தெற்கு வீதியில் நாயனத்துக்குப் பின்னாலேயே நடக்க விட்டார். காலையில் வந்து கேட்டதைப் பாடிக் காட்ட வேண்டும். முதல் நாலைந்து நாள் ஒன்றும் வரவில்லை. நாயனக்காரர் ஒரே மூச்சில் காந்தார ஸ்வரத்தில் நின்று அசைக்கிற இடத்தை நான் இரண்டு மூச்சாக உடைத்துத்தான் பாட முடிந்தது, அந்த உடைசலை மறைக்க நடுவில் ஒரு சின்ன வளைவு போட்டேன். வாத்தியார் அதை மட்டும் மறுபடி பாடச் சொன்னார். இன்றைக்கும் தோடி பாடினால் அந்த வளைவு வருகிறது, அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

அதனால் உங்கள் பையனை அந்தத் தோடியை ஒரு மாதம் வாயால் பாடச் சொல்லுங்கள், நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியைத் தொடாமல். அப்புறம் திருவீழிமிழலை சகோதரர்களைக் கேட்கட்டும். காருகுறிச்சி அருணாசலத்தை அவசியம் கேட்கட்டும். ராஜரத்தினம் பிள்ளையின் நேர் சிஷ்யர், கூடவே இருந்து வாசித்தவர், அப்படி இருந்தும் அவர் நாயனத்தில் ஒரு குழைவு தனியாகத் தெரியும்.

கேள்வி: சுவாமிமலையில் விக்கிரக வேலை கற்கிறேன். தலைமுறையாக வந்த அளவு, தலைமுறையாக வந்த முகம். இதில் என் கை எங்கே இருக்கிறது? (ஓர் இளைஞர்)

பதில்: தம்பி, உத்தம தசதாளம் என்ற சிலை அளவுமுறை என்றால் மொத்த உயரம் 124 பாகம், அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. தென்னை ஓலை நறுக்கை மடித்து எடுக்கிற ஒடியோலை அளவு முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று சொல்லும். உதட்டின் ஓரம் எப்படி முடிய வேண்டும் என்று எந்த ஓலையும் சொல்லாது, குங்கிலியம் கலந்த மெழுகு கொஞ்சம் சூடாக இருக்கும்போது உன் கட்டைவிரல் அங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பதில் இருக்கிறது அது. ஒரு தடவை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்த் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நில். 1011ஆம் வருஷத்து வேலை. காளை இல்லை, அதன் மேல் சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் இருக்கிறது. இல்லாத காளையின் பாரம் அந்த முழங்கையில் தெரிகிறதா என்று பார். அளவு எடுக்காதே, முழங்கையை மட்டும் பென்சிலால் பத்துத் தடவை வரை. பத்தும் பத்து விதமாக வரும், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது எது என்று உன் ஸ்தபதியிடம் காட்டிக் கேள்.

கேள்வி: கதை எழுதுகிறேன். தி.ஜானகிராமன் சாயல் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவரைப் படிப்பதை விட்டுவிடவா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: வேண்டாம் அம்மா. அவரே சிறுகதைக்காரர் கு.ப.ராஜகோபாலனைப் படித்து எழுத வந்தவர். ஆனால் சங்கீதம் தெரிந்தவர், அவருடைய உரையாடல் எங்கே நின்று எங்கே நழுவுகிறது என்பதில் அந்தக் கேள்வி ஞானம் இருக்கிறது. கும்பகோணத்து ந.பிச்சமூர்த்தி வால்ட் விட்மனைப் படித்த வேகத்தில் 1934இல் தமிழில் புதுக்கவிதை எழுதினார், அதில் அமெரிக்கா இல்லை. நீங்கள் ஜானகிராமனிடமிருந்து காவிரியையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, அவை அவர் வீட்டுச் சாமான்கள். உங்கள் ஊரில் நடவுக்கு வருகிற பெண்கள் களத்துமேட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருத்தி பேச்சை இன்னொருத்தி எப்படி வாங்குகிறாள் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு திருப்பி வந்த அந்தக் கதையையே, உரையாடலை மட்டும் மாற்றி எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.