சாலையோர நினைவுப் பலகைகள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சிங்கப்பூரின் வரலாற்றுப் பலகைகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈசூனிலிருந்து ஒருவர்: எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. ஆனால் நினைவுச்சின்னத்தைக் காணோமே, அண்ணே?

அது இன்று இல்லை. பலகை அங்கே நிற்பதே அதனால்தான். 1945 ஜூலை 8ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அதன் தளபதி மவுண்ட்பேட்டன் உத்தரவின்பேரில் அதை இடித்துவிட்டார்கள். போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி 1995இல்தான் அங்கே பலகை வந்தது.

படித்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பாடாங் திடலைப் பாருங்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி போஸ் படை அணிவகுப்பைப் பார்வையிட்டது அங்கேதான். அதன்பிறகு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்களும் இருந்தார்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத பலர் அதன் விடுதலைக்காகப் பெயர் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய பலகை எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். நேரம் இருந்தால் அப்படியே டோபி காட் வரை போய்வாருங்கள். 1943 அக்டோபர் 21ஆம் தேதி போஸின் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது அங்குள்ள கேத்தே கட்டடத்தில்தான். அதன் முகப்பு இன்னும் நிற்கிறது.

தெம்பனிஸ் வாசகி: ஓர் இடத்தில் பலகை வைத்துவிட்டால் அதை இடிக்க முடியாதா?

முடியும். தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் அந்தச் சட்டப் பாதுகாப்பு. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு அது 1973இலேயே கிடைத்தது. வெறும் பலகை மட்டும் இருந்தால் ‘இங்கே இது நடந்தது’ என்ற குறிப்பு, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல், பலகை இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

செங்காங்கில் இருந்து ஓர் அம்மா: மகனுக்குப் பள்ளித் திட்டவேலை. ஒரே காலையில் நடந்து முடிக்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்களேன்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஆரம்பியுங்கள், அம்மா. மாரியம்மன் கோயிலை 1827இல் நிறுவியவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு இரண்டாம் முறை வந்தபோது அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். பிறகு தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். அதே சாலையில் சற்றுத் தள்ளி ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். நம்மவர்கள் அதைப் பெரிய பள்ளி என்பார்கள்.

அப்புறம் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். நாகூர் தர்கா, குச்சுப் பள்ளி என்கிற அல்-அப்ரார் பள்ளிவாசல், சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். ஏன் இப்படி அடுத்தடுத்துக் கட்டினார்கள் என்று மகனையே கேளுங்கள். அன்று அந்தச் சாலைதான் கடற்கரை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கடலைத் தூர்த்தார்கள். கப்பலிலிருந்து உயிரோடு இறங்கியவர்கள், நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தாலும் சீனத்திலிருந்து வந்தாலும், முதலில் நன்றி சொல்ல நின்ற இடம் அது. தர்காவை 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டினார்கள். கடல் எந்தப் பக்கம் இருந்தது என்பதை மகன் ஒரு வரைபடமாகப் போட்டாலே நல்ல திட்டவேலை ஆகிவிடும்.

பிடோக் வாசகர்: செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகளா?

ஆமாம். 1825 முதல் சுமத்ராவின் பெங்கூலன் வழியாகவும் பிறகு இந்தியாவிலிருந்து நேராகவும் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1856 முதல் 1861 வரை அந்தத் தேவாலயத்தில் உழைத்தார்கள். அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் கைவேலைதான். தேவாலயச் சுவர்ப் பூச்சு நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்து: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, பழுப்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்தது. அந்த மனிதர்களின் பெயர்கள் இன்னும் பெரிதாக, இன்னும் பல இடங்களில் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

ஓர் இளைஞர்: சிங்கப்பூர்க் கல்லில் இருப்பது தமிழ்தானே?

அப்படி உறுதியாகச் சொல்லாதீர்கள், தம்பி. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த, பழைய எழுத்துப் பொறித்த அந்தப் பாறையை 1843இல் வெடிவைத்து உடைத்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இன்னும் யாரும் முழுமையாகப் படித்து நிரூபிக்கவில்லை. போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டிய கல்தான்.

செம்பவாங் வாசகர்: அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் பழைய படங்கள் நிறைய உள்ளன. என்ன செய்யலாம்?

முதலில் அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்து வருகிறது, தமிழிலும் நேர்காணல்கள் உண்டு. அவர்களிடம் பேசிப் பாருங்கள். படங்களைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், பெயர்களை மட்டும் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.