பங்க் ராக் ஆல்பங்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கின்றனவே, எதிலிருந்து தொடங்குவது? நேரில் போய்க் கேட்டால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். அதற்காக நேரில் போகும் வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பங்க் என்பது வேகமும் முரட்டு ஒலியும் கொண்ட ராக் இசை. அந்த ஆல்பத்தைத் தனியாகக் கேட்காமல், அதே குழுவின் மேடைப் பதிவு ஒன்றோடு ஜோடி சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை சின்ன அரங்குகளில் வாசித்து வாசித்து உருவானவை. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது பாட்டு ஏற்கெனவே கையில் பழகியிருக்கும், பணமும் நேரமும்தான் இருக்காது. எதை மேடை உருவாக்கியது, எதை ஸ்டுடியோ மாற்றியது என்று காது பிரித்துக் கேட்கத் தொடங்கிவிட்டால் 'ஒரே இரைச்சல்' என்ற எண்ணம் போய்விடும்.

முதல் ஜோடி நியூயார்க் குழுவான ரமோன்ஸுடையது. 1976 ஏப்ரலில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'ரமோன்ஸ்', பிறகு 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் பதிவாகி 1979இல் வெளியான 'இட்ஸ் அலைவ்'. முதல் ஆல்பத்தை நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தில் இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில் சுமார் ஒரு வாரத்தில், 6,400 டாலர் செலவில் முடித்தார்கள். 14 பாட்டு, 29 நிமிடம். இதைக் கேட்க இரண்டு காதிலும் இயர்போன் கட்டாயம். பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்) இடது பக்கம், கிட்டார் வலது பக்கம், டிரம்ஸும் குரலும் நடுவில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டால் பாதிக் குழு காணாமல் போய்விடும். இந்தப் பிரிப்பை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு வலது பக்கத்தை மட்டும் கேளுங்கள், கிட்டார் கலைஞர் ஜானி ரமோனின் கை என்ன செய்கிறது என்று துல்லியமாகப் பிடிபடும்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த பங்க் கிட்டாரில் பாதி அங்கிருந்துதான் வந்தது. வேகமான தாளத்துக்குப் பொதுவாகப் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழும் மேலுமாக மாற்றி மாற்றி அடிப்பார்கள், கைக்கு வேலை பாதியாகக் குறையும். ஜானி கிட்டத்தட்ட எல்லா அடியையும் மேலிருந்து கீழாகவே அடித்தார். கீழ்நோக்கி அடிக்கும்போது தடித்த கம்பிகள் முதலில் அதிரும், ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். மேல்நோக்கி அடித்தால் மெல்லிய கம்பிகள் முந்திக்கொள்ளும், ஒலி இலேசாகி ஒரு ஆட்டம் வந்துவிடும். 'பிளிட்ஸ்கிரீக் பாப்' பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 175 துடிப்பு. ஒரு துடிப்புக்கு இரண்டு அடி என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஆறு கீழ் அடிகள். வாசித்துப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். முழங்கையிலிருந்து வீசி அடிப்பது ஒன்று, இரண்டாவது பாட்டிலேயே முன்கை பிடித்துக்கொள்ளும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், பிக்கின் நுனி மட்டும் விரலுக்கு வெளியே தெரிய வேண்டும். இன்னொன்று, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவது. அப்போது ஒன்றாக ஒலிக்கும் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். ஜானியின் ஒலி மாஸ்ரைட் கிட்டாரும் சத்தமாக வைத்த மார்ஷல் ஆம்ப்பும் (ஒலிபெருக்கி) தருவது. கவனித்துக் கேட்டால் நீங்கள் நினைப்பதைவிடச் சுத்தமான ஒலி அது.

இப்போது 'இட்ஸ் அலைவ்' போடுங்கள். 28 பாட்டு, 54 நிமிடத்துக்குள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேச்சு மிகக் குறைவு, டியூனிங் இல்லை. பேஸ் வாசிக்கும் டீ டீ ரமோன் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று கத்துகிறார், அடுத்தது தொடங்கிவிடுகிறது. அந்த எண்ணிக்கை எப்போதும் பாட்டின் வேகத்தோடு ஒத்துப்போவதுமில்லை. பார்வையாளர்களுக்கு அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். ஆல்பத்தில் தனித்தனியாக இருந்த பாட்டுகள் இங்கே ஒரே நீண்ட ஓட்டமாகின்றன. ரமோன்ஸின் முழு யோசனையே இந்த ஓட்டம்தான். பங்க் மேடைப் பதிவுகளில் ஒன்றே ஒன்றைக் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது லண்டன் குழுவான கிளாஷ். இங்கே பதிப்புக் குழப்பம் ஒன்று இருக்கிறது. 1977இல் பிரிட்டனில் வந்த முதல் ஆல்பமும் 1979இல் அமெரிக்காவில் வந்ததும் ஒரே பெயர், ஒரே மாதிரி அட்டை, ஆனால் உள்ளே வேறு. அமெரிக்கப் பதிப்பில் 'டினை', 'சீட்', 'புரோடெக்ஸ் புளூ', '48 ஹவர்ஸ்' ஆகிய நான்கை எடுத்துவிட்டு, தனிப்பாட்டு வெளியீடுகளான சிங்கிள்களாக வந்திருந்த 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' போன்ற பாட்டுகளைச் சேர்த்தார்கள். சேர்ந்தவை அருமையான பாட்டுகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை பின்னாளில், கூடுதல் கவனத்தோடு பதிவானவை. ஆல்பத்தின் அவசர ஒலி நடுநடுவே அறுந்துபோகிறது. முதலில் பிரிட்டிஷ் பதிப்பைக் கேளுங்கள், சிங்கிள்களைத் தனியாகக் கேளுங்கள். 1979 டிசம்பரில் வந்த இரட்டை ஆல்பம் 'லண்டன் காலிங்' பங்க்கிலிருந்து ஜமைக்காவின் ரெகே, ஸ்கா, பழைய அமெரிக்க ராக்கபில்லி என்று பரந்து போகிறது. அதன் அட்டையில் குழுவின் பேஸ் கலைஞர் பால் சிமனன் பேஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் படம் 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியத்தில் புகைப்படக் கலைஞர் பென்னி ஸ்மித் எடுத்தது. படம் ஃபோகஸில் இல்லை என்று அவர் தயங்கினார், குழு பிடிவாதமாக அதையே வைத்தது. மேடைப் பதிவுக்கு 1999இல் வந்த 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' தொகுப்பு நல்லது. 1982 அக்டோபரில் பதிவான நியூயார்க் ஷே ஸ்டேடியம் ஆல்பத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டிரம்மர் டாப்பர் ஹீடன் அப்போது குழுவில் இல்லை, அந்த வெற்றிடம் காதில் படுகிறது.

கிளாஷின் ஒலி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் சுழன்று சுழன்று வரும் கிட்டார், கிளாஷின் 1982ஆம் ஆண்டுப் பாட்டான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லிலிருந்து எடுத்தது. ஏ.ஆர். ரஹ்மானின் 'ஸ்லம்டாக் மில்லியனேர்' இசைத் தொகுப்பிலும் அந்தப் பாட்டு இருக்கிறது.

பதிப்பைப் பார்க்காமல் கேட்டால் ஏமாறும் இன்னொரு ஆல்பம், அமெரிக்கக் குழுவான ஸ்டூஜஸின் 'ரா பவர்' (1973). பங்க் அலை எழுவதற்கு முன்பே வந்தது, ஆனால் இது இல்லாமல் அந்த அலை இல்லை. முதலில் வந்தது பாடகர் டேவிட் போவி மிகக் குறைந்த நேரத்தில் செய்த மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளின் கலவை). கிட்டாரும் குரலும் முகத்தில் அறையும், பேஸும் டிரம்ஸும் எங்கோ தூரத்தில் கிடக்கும். 1997இல் குழுவின் பாடகர் இகி பாப் தானே மறுபடி மிக்ஸ் செய்தார். எல்லாமே உச்சத்தில், ஒலி டிஜிட்டலாகவே வெட்டுப்பட்டுக் கரகரக்கும் அளவுக்குச் சத்தம். 15 நிமிடத்தில் காது சோர்ந்துவிடும். உங்கள் 'இரைச்சல்' புகார் இந்த மிக்ஸால் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. போவி மிக்ஸ் 2010 மறுவெளியீட்டில் இருக்கிறது, அதில் தொடங்குங்கள்.

செக்ஸ் பிஸ்டல்ஸைப் பற்றிச் சுருக்கமாக: 1977இல் வந்த அவர்களுடைய ஒரே ஸ்டுடியோ ஆல்பம் பலர் நினைப்பதுபோல அரைகுறைப் பதிவு அல்ல. கிறிஸ் தாமஸ், பில் பிரைஸ் மேற்பார்வையில் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்தார், பெரும்பாலான பாட்டுகளில் பேஸும் அவரே. அந்தச் சுவர் போன்ற ஒலி மேடையில் வராது, வரவுமில்லை. அதனால் இந்தக் குழுவுக்கு மட்டும் மேடைப் பதிவைத் தேட வேண்டாம். நேர் எதிர் உதாரணம் பஸ்காக்ஸின் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்'. 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் ஒரே நாளில் நான்கு பாட்டு, 500 பவுண்டு கடன், சொந்த வெளியீடு, முதலில் 1,000 பிரதி. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), மேலே என்ன சேர்த்துப் பதிந்தோம் என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். இதை எப்படிச் செய்தோம் பாருங்கள், நீங்களும் செய்யலாம் என்று வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் காரியம் அது. நான் இந்த இசையை மதிப்பதற்கு அந்த உறை ஒரு முக்கியக் காரணம்.

பெண்கள் குழுவான ஸ்லிட்ஸை 1977ஆம் ஆண்டு பிபிசி அறிவிப்பாளர் ஜான் பீலுக்கான வானொலிப் பதிவிலும் 1979இல் வந்த 'கட்' ஆல்பத்திலும் கேளுங்கள். ஒரே குழுவா என்று தோன்றும். நடுவில் டிரம்மர் பால்மோலிவ் போய் பட்ஜி வந்துவிட்டார், தயாரிப்புக்கு ரெகே கலைஞர் டென்னிஸ் போவெல். முன்னதில் பாய்ச்சல், பின்னதில் நிறைய வெற்றிடம், அதில் மிதக்கும் பேஸ்.

வாஷிங்டன் நகரம் தனி உலகம். அங்கே உருவான பேட் பிரெய்ன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1982இல் கேசட்டாக மட்டும் வந்தது. அதிலுள்ள 'பே டு கம்' சுமார் ஒன்றரை நிமிடம். அந்த வேகத்திலும் டிரம்மர் ஏர்ல் ஹட்சனின் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். நடுவே மெதுவான ரெகே பாட்டுகள் வருகின்றன, பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1982 டிசம்பரில் நியூயார்க் சிபிஜிபி அரங்கில் எடுத்த பதிவைப் பார்த்தால் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பது புரியும். கூட்டம் மூச்சு வாங்க, வாசிப்பவர்களின் கை தளர, அடுத்த வேகம் இன்னும் கூர்மையாக விழ. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஆல்பத்திலும் வைத்திருக்கிறார்கள்.

அதே நகரத்தின் ஃபுகாசி குழுவுக்கு அரிய வசதி ஒன்று இருக்கிறது. 1987 முதல் 2002 வரை அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளில் 800க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. 2011 முதல் அவற்றைப் படிப்படியாக இணையத்தில் வெளியிட்டார்கள், ஒரு நிகழ்ச்சிக்குப் பரிந்துரைத்த விலை 5 டாலர். நிகழ்ச்சி நுழைவுச் சீட்டையும் அவர்கள் 5 டாலரை ஒட்டியே வைத்திருந்தார்கள், எல்லா வயதினருக்கும் அனுமதி. முன்கூட்டிப் பாட்டு வரிசை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை; ஒருவர் தொடங்க மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். முதலில் '13 சாங்ஸ்' (1989), 'ரிப்பீட்டர்' (1990) இரண்டையும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு 'வெயிட்டிங் ரூம்' பாட்டை மூன்று வெவ்வேறு ஆண்டுப் பதிவுகளில் கேளுங்கள். ஜோ லாலியின் பேஸ் தொடங்கும், மற்றவர்கள் சேர்வார்கள், சட்டென்று எல்லாமே நின்று சில நொடி மௌனம். ஆல்பத்தில் அந்த மௌனம் சுத்தமாக இருக்கும். மேடையில் அதைக் கூட்டம் நிரப்பும், ஒவ்வோர் ஊரிலும் வேறு மாதிரி. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை அடித்தால் பாடகர் இயன் மெக்கே பாட்டை நிறுத்திவிட்டு, அந்த ஆளுக்கு 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார் என்பதும் இந்தக் குழுவின் வரலாற்றில் ஒரு பகுதி.

இனி நேரில் போவது. சிபிஜிபி 2006 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1976 செப்டம்பர் பங்க் விழா நடந்த 100 கிளப்பில் இன்றும் நிகழ்ச்சிகள் உண்டு. கலிபோர்னியா பெர்க்லியில் 924 கில்மன் தெரு அரங்கு 1986 கடைசி நாளில் தொடங்கித் தன்னார்வலர்களால் நடக்கிறது. அங்கே மது கிடையாது, வன்முறையும் இனவெறியும் கூடாது என்பது சுவரிலேயே எழுதிய விதி.

சின்ன அரங்கில் மேடையை ஒட்டி நின்றால் பாடகர் குரல் கேட்காது. குரல் வருவது இரு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து, அவை உங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்திருக்கும். கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் நேராக உங்கள் மேல் விழும். பாட்டைக் கேட்க வேண்டுமானால் ஒலிக் கலவை செய்பவரின் மேசைக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். அவர் எதைக் கேட்டு அளவு வைக்கிறாரோ அதுவே உங்களுக்கும் கேட்கும்.

காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பங்க் நிகழ்ச்சி அந்த அளவை எளிதில் தாண்டும், மூன்று நான்கு குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும். நுரை அடைப்பானை விரலில் மெல்லியதாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாதி மட்டும் செருகினால் பாதுகாப்பும் இருக்காது, உச்ச ஸ்தாயி ஒலிகள் மட்டும் அடைபட்டு எல்லாம் மந்தமாகக் கேட்கும். இசைக்கென்று செய்த வடிகட்டி அடைப்பான்கள் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு கெடாது.

மேடைக்கு முன்னால் சுழன்று மோதி ஆடும் கூட்டத்துக்குள் போக விரும்பினால் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள், மோதிரம், முள் வைத்த பட்டை, கண்ணாடி எதுவும் வேண்டாம். முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து வையுங்கள், முழங்கையை வெளியே நீட்டாதீர்கள். யாராவது விழுந்தால் அருகில் இருப்பவர்கள் நின்று உடனே தூக்கிவிட வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. வெளியேற நினைத்தால் சுழற்சியை எதிர்த்து நடக்காமல் அதோடு போய் ஓரமாக விலகுங்கள். மேடையில் ஏறிக் குதிப்பது பல அரங்குகளில் தடை. தடை இல்லாத இடத்திலும் கால் முன்னால் வரும்படி குதிக்கக் கூடாது. கிட்டார் கலைஞர் காலடியில் இருக்கும், ஒலியை மாற்றும் பெடல்களையும் மிதிக்காதீர்கள், மிதித்தால் பாட்டே நின்றுபோகும். 1990களின் தொடக்கத்தில் பிகினி கில் குழு பெண்களை முன்வரிசைக்கு வரச் சொல்லி ஆண்களைப் பின்னால் அனுப்பியது. இன்றும் பல நிகழ்ச்சிகளில் அந்த வழக்கம் உண்டு, சொன்னால் நகர்ந்து இடம் கொடுங்கள்.

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதலில் வாசிக்கும் சின்னக் குழுக்கள் 20, 30 நிமிடத்தில் முடித்துவிடும், அன்றைய சிறந்த இசை அங்கேயே வந்துவிடுவதும் உண்டு. அவர்களுடைய 7 அங்குல ரெக்கார்டு பெரும்பாலும் அரங்கின் மூலையில் இருக்கும் விற்பனை மேசையில்தான் கிடைக்கும், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கூட்டம் மொய்ப்பதால் இடைவேளையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டை முடியும்வரை மேசையிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்குள் கொண்டுபோனால் உறை மடங்கும், தட்டும் உடையும்.