ஒரே சங்கிலி, மூன்று ரசீது

கேள்வி: வயது 29. ஊர் கம்பம். குமுளி தாண்டி, புற்றடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 36,000. கஜகஸ்தானை ரயிலிலும் பஸ்ஸிலுமாக 14 நாள் சுற்றிவர வேண்டும் என்பது பல வருட ஆசை. ஏஜென்ட் ஒருவர் 2,10,000 ரூபாய் கேட்கிறார். 12 மாதத் தவணை, வட்டியில்லை என்கிறார். அம்மாவின் சங்கிலி ஏற்கெனவே அடகில் இருக்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதன் மேலேயே இன்னும் ஒரு லட்சம் வாங்கலாமா? மச்சானுக்கும் ஜீப் செலவுக்குக் கொஞ்சம் வேண்டுமாம்.

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று அடகு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே ரெட்டைவடச் சங்கிலி, அதே 40 கிராம். தொகை மட்டும் 2023-ல் 1,20,000, 2024-ல் 1,70,000, 2025-ல் 2,60,000. உங்களைக் கெடுப்பது பயணம் இல்லை, இந்தப் பழக்கம்தான்.

ஒவ்வொரு புது ரசீதிலும் பழைய கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள். 12 சதவீத வட்டியில் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். மூன்று தடவையும் சேர்த்துக் கைக்கு வந்தது சுமார் 2,25,000. மீதி 35,000 பழைய வட்டிக்கே போய்விட்டது. அதாவது, வட்டியைக் கட்டக்கூடக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். வந்த பணமும் அப்படியே மச்சானின் ஜீப்புக்குள் போயிருக்கிறது. இப்போது ஒரு லட்சம் ஏற்றினால், இந்த வருட வட்டி 31,200-ஐயும் சேர்த்து ரசீதில் 3,90,000-க்கு மேல் நிற்கும்.

புற்றடியில் தினமும் ஏலம் பார்க்கிறவர் நீங்கள். காய் விலை ஏறினால் விற்கிறவருக்கு லாபம். நீங்கள் சங்கிலியை விற்கவில்லையே! தங்கம் ஏற ஏற உங்களுக்குக் கூடுவது கடன் மட்டும்தான். விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாவிட்டால் ஏலம். அம்மாவுக்கு இந்த மூன்று தொகையும் தெரியுமா?

மச்சானிடம் பேசுவது கஷ்டம், தெரியும். அக்காவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ரசீதுகளைக் கையில் கொடுங்கள். புதுப் பணம் கிடையாது. சத்திரம், கவி என்று மலைப்பக்கம் சுற்றுலா ஜீப் ஓட்டும் வருமானத்திலிருந்து மாதம் 10,000 அவரே நேராக அடகுக் கணக்கில் கட்ட வேண்டும். கட்டினால் இரண்டரை வருடத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். மழை மாதங்களில் ஓட்டம் குறையும் என்பார். சரி, அப்போது வட்டி 2,600-ஐயாவது விடக்கூடாது. உங்கள் ஓணம் போனஸ் வந்தால் அதையும் அசலில் போடுங்கள்; அது அம்மாவுக்காக.

ஏஜென்டின் தவணை மாதம் 17,500, உங்கள் சம்பளத்தில் பாதி. 'வட்டியில்லை' என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. வட்டி பெரும்பாலும் பேக்கேஜ் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பை மாட்டிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறவருக்கு பேக்கேஜ் எதற்கு? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை அங்கே விசாவே வேண்டாம், 2022-லிருந்து இப்படித்தான்.

என் கணக்கில் விமானம் 45,000, தங்கலும் சாப்பாடும் நாளுக்கு 3,000 வீதம் 42,000, ரயில், பஸ், காப்பீடு 13,000. ஆக ஒரு லட்சம். நீங்கள் மாதாமாதம் கட்டிவரும் ஏலச்சீட்டும் ஒரு லட்சம்தான். இன்னும் ஏழு தவணைதான் பாக்கி. தொகையைக் குறைத்துக்கொண்டு நடுவிலேயே தள்ளி எடுக்காமல் கடைசிவரை இருங்கள். கிரெடிட் கார்டை அங்கே தேய்க்க வேண்டாம். பல கார்டுகளில் 3.5 சதவீதக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

பரப்பில் உலகின் ஒன்பதாவது பெரிய நாடு கஜகஸ்தான். 14 நாளில் மேற்கே காஸ்பியன் கரை வரை போக ஆசைப்பட்டால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். அல்மாட்டியைச் சுற்றிச் சாரின் பள்ளத்தாக்கு, கோல்சாய் ஏரிகள், அப்புறம் ராத்திரி ரயிலில் துர்கிஸ்தான், அஸ்தானா. இது போதும். கயிண்டி ஏரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1911 நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஓடையை மறித்து உண்டான ஏரி. மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நட்டுவைத்த மாதிரி நிற்கின்றன. குளிர்காலம் கடுமை, அதனால் அடுத்த ஜூனுக்குப் பிறகு போங்கள்.

டிக்கெட் போடும் முன் ஒரு நிபந்தனை. மச்சான் ஆறு மாதம் விடாமல் கட்டியிருக்க வேண்டும். இந்த வருடம் அடகைப் புதுப்பிக்கும் நாளில் வட்டியைக் கையிலிருந்து கட்டுங்கள். கவுன்டரில் "இன்னும் இவ்வளவு கிடைக்கும் சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2,60,000-க்குக் குறைவாக எழுதிய ரசீதோடு வெளியே வாருங்கள்.