டிரைவரில் பொருள்களின் ஆயுள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யூஎஸ்பி கருவி ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். நினைவகம் முழுவதையும் டெவ்எம் சார்புகள் (ஒதுக்கியதைக் கெர்னலே பின்னர் விடுவிக்கும் வகை) வழியாகவே ஒதுக்குகிறேன். இருந்தும், ஒரு நிரல் கருவியின் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது கருவியைப் பிடுங்கினால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நிலைகுலைகிறது. ஏன்?

பதில்: டெவ்எம் ஒதுக்கிய நினைவகத்தின் ஆயுள், டிரைவர் அந்தக் கருவியோடு பிணைந்திருக்கும் காலம் மட்டுமே; கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கருவியைப் பிடுங்கியதும், டிரைவர் விலகும்போது கெர்னல் அழைக்கும் டிஸ்கனெக்ட் சார்பு ஓடுகிறது, அதை அடுத்து டெவ்எம் நினைவகம் விடுவிக்கப்படுகிறது, சற்று நேரம் கழித்து அந்த நிரல் கோப்பை மூடும்போது உங்கள் ரிலீஸ் சார்பு, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் பாயின்டரைத் (நினைவக முகவரியைத்) தொடுகிறது. நானும் இப்படி எழுதியவன்தான்.

கோப்பு வழியாக எட்டக்கூடிய கட்டமைப்பைக் கேஇசட்அலாக் என்ற சாதாரண ஒதுக்கீட்டுச் சார்பு கொண்டு தனியாக ஒதுக்கி, அதற்குள் ஒரு கேரெஃப், அதாவது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் எண்ணி, வையுங்கள். எண்ணிக்கை பூச்சியமானால்தான் நினைவகம் விடுவிக்கப்படும். டிரைவர் கருவியோடு பிணையும்போது ஓடும் புரோப் சார்பில் எண்ணிக்கை 1 ஆகத் தொடங்கும். ஒவ்வொரு திறப்பிலும் ஒன்று கூட்டி, மூடும்போது ஒன்று கழிக்க வேண்டும். டிஸ்கனெக்ட் சார்பு, பூட்டை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழைய விடும் காவலை) பிடித்தபடி ‘கருவி போய்விட்டது’ என்ற குறியை ஏற்றிவிட்டு, பூட்டை விட்ட பிறகே தன் பங்கைக் கழிக்க வேண்டும். படிக்கும், எழுதும் சார்புகள் அதே பூட்டுக்குள் குறியைப் பார்த்து, ஏற்றியிருந்தால் ஈநோடெவ் (‘கருவி இல்லை’) பிழையைத் திருப்ப வேண்டும். கோப்பைத் திறக்கும்போது பொருளைத் தேடுவதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் டிஸ்கனெக்டுடன் மோதாதபடி ஒரே பூட்டுக்குள் நடக்காவிட்டால், கேரெஃப் இருந்தும் பயனில்லை.

கேள்வி: பொருளைப் பட்டியலில் தேடி எடுக்கும்போது, எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டும் கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ போதுமா?

பதில்: தனியாகப் போதாது. எண்ணிக்கையைப் படிக்கும் அந்தக் கணத்தில் நினைவகம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பூட்டு தேவை, அல்லது ஆர்சியூ (படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பைத் தள்ளிப்போடும் முறை) பாதுகாப்பில் படித்து, கேஃப்ரீ_ஆர்சியூ கொண்டு விடுவிக்க வேண்டும்.

கேள்வி: டிரைவர் விலகும்போது ஓடும் ரிமூவ் சார்பில் (யூஎஸ்பியில் இதுவே டிஸ்கனெக்ட்) இன்டரப்ட் (கருவி எழுப்பும் குறுக்கீடு), டைமர், ஒர்க் (பிறகு செய்ய வரிசையில் வைத்த வேலை) ஆகியவற்றை எந்த வரிசையில் நிறுத்துவது?

பதில்: வேலையை உண்டாக்குவதை முதலில் நிறுத்துங்கள், அதைச் செய்துமுடிப்பதைப் பிறகு நிறுத்துங்கள். கருவி இன்டரப்ட் எழுப்பாதபடி செய்து, இன்டரப்டின் பதிவை நீக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ அழைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் (இன்டரப்டுக்குப் பதில் செய்யும் சார்பு) முடியும்வரை அது காத்திருக்கும். அதன் பிறகுதான் ஒர்க்கை ரத்து செய்யும் கேன்சல்_ஒர்க்_சிங்க். வரிசையை மாற்றினால், ரத்து செய்த ஒர்க்கை ஹேண்ட்லர் மீண்டும் வரிசையில் சேர்த்துவிடும். இன்டரப்டை டெவ்எம் வழியாகப் பதிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அது ரிமூவ் முடிந்த பிறகே நீங்கும் என்பதால், ஹேண்ட்லர் தொடும் எதையும் ரிமூவுக்குள் கையால் விடுவிக்கக் கூடாது. டைமரும் ஒர்க்கும் ஒன்றையொன்று மாறி மாறி எழுப்பும் டிரைவர்களுக்காகவே 6.2 கெர்னலில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் வந்தது. அதற்குப் பிறகு டைமரை மறுபடி முடுக்க முயன்றாலும் அது ஓடாது.

கேள்வி: கருவியைக் கெர்னலில் பதிவு செய்யும் டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றால், கேஃப்ரீ கொண்டு நினைவகத்தை நேரடியாக விடுவிக்கலாமா?

பதில்: கூடாது. தோற்றாலும் எண்ணிக்கையைக் கழிக்கும் புட்_டிவைஸ்தான், விடுவிப்பது அந்த டிவைஸின் ரிலீஸ் சார்பின் வேலை (முதல் பதிலில் வந்த கோப்பு மூடும் ரிலீஸ் அல்ல).

கேள்வி: இந்தப் பிழைகளை முன்கூட்டியே பிடிக்க முடியுமா?

பதில்: கேசான் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) இயக்கிய கெர்னலில், ஒரு முனையத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொன்றிலிருந்து சிஸ்எஃப்எஸ்ஸின் (கெர்னல் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் அமைப்பின்) அன்பைண்ட் கோப்பில் கருவியின் பெயரை எழுதி டிரைவரைப் பிரியுங்கள், பிறகு திறந்த கோப்பைப் படித்துப் பார்த்து, கடைசியாக மூடுங்கள். முதல் கேள்வியில் சொன்ன பிழை இருந்தால், விடுவித்தது எந்த வரி, தொட்டது எந்த வரி என்று இரண்டையும் கேசான் அச்சிட்டுவிடும்.