தனியிசைக் கலைஞர்கள் ஏன் சொந்தமாக ரெக்கார்டு லேபிள் தொடங்குகிறார்கள்? யூடியூபில் நேரடியாகப் போட்டால் போதாதா?

பாட்டை வெளியிட மட்டும் என்றால் லேபிள் தேவையே இல்லை, யூடியூப் போதும். அந்தப் பாட்டு யாருடையது, அதில் எவ்வளவு வந்தது என்ற கணக்கு நம் கையிலேயே இருக்க வேண்டுமென்றால்தான் லேபிள். சுதந்திரம், தனித்துவம் என்று பேட்டிகளில் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கப் போவேன். நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு லேபிள் நடத்துகிறோம். தாலாட்டு, கும்மி, பழனி பாதயாத்திரைப் பாட்டு, இந்த வகையறா. இசையை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், ஒப்பந்தமும் வரவு செலவும் என் தலையில். அதனால் இந்தப் பதிலில் பேரேட்டு வாசம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன. வரிகள் எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு. ஒலிப்பதிவின் உரிமை, அதைச் செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பும் ஏற்றுக்கொண்டவருக்குப் போகும். பாட்டு வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நிற்கும். தொழிலில் இதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். லேபிள் என்றால் வேறொன்றுமில்லை, மாஸ்டரை வைத்திருக்கிற ஆள்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு இது இன்னும் முக்கியம். நீங்கள் சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தால், 2012-இல் வந்த திருத்தம் உங்களுக்குக் கொஞ்சம் காவலாக நிற்கிறது. எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கையெழுத்துப் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது, அப்படி எழுதினாலும் செல்லாது. ஆனால் பாட்டி பாடி, அம்மா பாடி, வழிவழியாக வந்த தாலாட்டுக்கு எழுதியவர் யார்? பேர் இல்லை. அங்கே கைமாறுகிற சொத்தாக நிற்பது பாடுகிறவரின் குரலும், அந்தக் குரலைப் பிடித்த மாஸ்டரும்தான். அதையும் கொடுத்துவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

தேவகோட்டைப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் அவர் வாயில் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் அவரைப் பாடவைக்கப் போனபோது ஏற்கெனவே ஒரு கம்பெனிக்குப் பாடியிருப்பதாகச் சொல்லி, பீரோவிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்துவந்தார். முத்திரைத்தாளில் ஒரே பக்கம். மொத்தத் தொகை ஒன்று, ஒரே தடவை கொடுத்தது. அதற்குக் கீழே இப்படி ஒரு வரி: “உலகம் முழுவதும், நிரந்தரமாக, இதுவரை உள்ள மற்றும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் அனைத்து ஊடகங்களிலும்.” படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் எழுதினவர் விவரமான ஆள். உரிமை கொடுக்கும் காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு அந்த உரிமை செல்லாது, ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, என்று அதே 2012 திருத்தம் சொல்கிறது. அதற்குப் பதில்தான் அந்த வரி. அதற்கும் கீழே இன்னொன்று: இதே பாட்டுகளை ஐந்து ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் பாடித்தரக் கூடாது.

அக்கா கேட்டது ஒன்றுதான். “எங்கம்மா பாடுன பாட்டு தம்பி. நான் பாட யாருகிட்ட கேக்கணும்?”

பாட்டுக்குக் கேட்க வேண்டாம்தான். அந்தக் கம்பெனியிடம் இருப்பது அன்றைக்கு அவர் பாடின பதிவு மட்டும். ஆனால் ஐந்தாண்டு நிபந்தனையில் கையெழுத்து இருக்கிறதே. நல்லவேளை, அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. முடிந்த பிறகு அதே பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தோம். இந்த மாஸ்டரில் அக்காவும் பங்குதாரர். பெரிய அளவில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் செய்ததும் இதுவே. அவருடைய பழைய மாஸ்டர்கள் 2019-இல் கைமாறின. 2021 முதல் பழைய ஆல்பங்களில் நான்கை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார். 2025-இல் பழையவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டார். அவரிடம் காசு இருந்தது, வாங்கினார். நம்மால் மறுபடி பாட முடியும், அவ்வளவுதான்.

(அந்தப் பதிவு ஒரு பெரிய கூத்து. அக்காவுக்குத் தெரிந்த ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை அழகுக்காகத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. வளவில், அதாவது நடுமுற்றத்தில், நின்று ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் மூன்று பக்கமும் சுற்றிவந்தது. கடைசியில் இரண்டாம் கட்டில் ஒரு சாமான் அறைக்குள் மெத்தைகளைச் சுவரோரம் சாத்திவைத்துப் பாடவைத்தோம். படம் மட்டும் முகப்பில் எடுத்தோம்.)

சரி, “கம்பெனி முன்பணம் தருமே, செலவும் அவர்களுடையதுதானே” என்பார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்பணம் 1 லட்சம், உங்கள் ராயல்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்பணத்தை உங்கள் பங்கிலிருந்துதான் கழிப்பார்கள். பாட்டு 5 லட்சம் சம்பாதித்தால்தான் உங்கள் 20 சதவீதம் 1 லட்சமாகி முன்பணம் அடைபடும். அதுவரை உங்களுக்குப் புதிதாக ஒரு பைசா வராது, அவர்களுக்கோ கொடுத்ததைக் கழித்தாலும் 4 லட்சம் நிற்கும். பதிவுச் செலவு, வீடியோச் செலவையும் உங்கள் பங்கில் ஏற்றுகிற ஒப்பந்தங்கள் உண்டு. வட்டிக்கடைக்குப் பேர்போன ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன்: அடகு வைத்த நகைகூடக் கடன் அடைந்ததும் திரும்பி வரும், மாஸ்டர் வராது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் இதை ரொம்பக் காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார். ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டுத் தொழிலுக்குள் வந்ததே காரைக்குடியில் அப்பாவின் கடையில் தட்டு விற்றுத்தான். விற்பதில் கமிஷன்தான் கிடைக்கும். 1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று தொடங்கி, ஓடியன் கம்பெனியோடு சேர்ந்து தாங்களே தட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். சினிமாவெல்லாம் அதற்குப் பிறகு. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமையும் கைமாறிக் கைமாறி அவரிடம்தான் வந்து சேர்ந்திருந்தது. பாரதி 1921-இலேயே போய்விட்டார். எழுதினவர் ஒருவர், உரிமை வேறொருவரிடம். பாரதி பாட்டு ஒன்றைப் படத்தில் பாடியதற்காக வழக்குவரை போனது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது ஓய்ந்தது. ஏ.வி.எம்.மைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாஸ்டரின் மதிப்பு தெரிந்தவர் அவர். அது தெரியவேண்டியவர்கள் பாடுகிறவர்களும்.

தமிழில் இந்தப் பேச்சு தாமதமாக வந்ததற்கு சினிமா ஒரு காரணம். படத்துக்காகக் கூலி கொடுத்துச் செய்துவாங்கிய பாட்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற ரீதியில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இசை என்றாலே சினிமா என்றிருந்த ஊரில் மாஸ்டரைப் பற்றி யார் கேட்பார்கள்? தனியிசையில்தான் அந்தக் கேள்விக்கே இடம் வந்தது. அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2021-இல் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு தமிழ்த் தனியிசைப் பாட்டைப் பற்றி, அதைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன் 2024-இல் ஒரு வீடியோவில், தங்களுக்கு அதிலிருந்து வருமானமே வரவில்லை என்றார். இனிச் சொந்த ஸ்டுடியோ தொடங்கப்போவதாகவும் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த அளவு பேர் உள்ளவருக்கே கணக்கு வேறொருவர் கையில் இருந்தால் இப்படி ஒரு வாக்குவாதம் வருகிறது என்பது தெரிகிறதே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, யூடியூப் மட்டும் போதாதா என்பது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து ஒன்றைப் பதிவு செய்து ஏற்றினோம். அது 19-ஆம் நூற்றாண்டுப் பாட்டு, யாருக்கும் உரிமை கிடையாது. வாசித்தது நாங்கள், பாடியது எங்கள் ஆள். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பழைய கேசட் கம்பெனியின் பேரில் உரிமைகோரல் வந்து நின்றது. விளம்பர வருமானம் அவர்களுக்காம். அவர்களும் எப்போதோ அதே சிந்தைப் பதிவு செய்திருக்கிறார்கள், ஏற்றுகிற பாட்டுகளை ஒப்பிட்டு உரிமைக்காரரைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டது. மறுப்புப் போட்டால் பதில் சொல்ல எதிராளிக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் தைப்பூசம் முடிந்து பழனி போனவர்கள் எல்லாம் ஊர் திரும்பிவிடுவார்கள், அதற்கப்புறம் பாதயாத்திரைப் பாட்டை யார் கேட்பது?

கன்டென்ட் ஐ.டி.யைத் தனி ஆளுக்கு அவ்வளவு எளிதில் தரமாட்டார்கள். பாட்டை எல்லா இசைத் தளங்களுக்கும் அனுப்பிவைக்கிற டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர் வழியாகப் போனால் அது கிடைக்கும். பதிவுக்கு 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் கிடைக்கும். அதுதான் அந்த மாஸ்டரின் அடையாள எண். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பாட்டை எத்தனை தடவை கேட்டார்கள் என்ற கணக்கு சிதறிப்போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொதுச்சொத்துப் பாட்டுகளைக் கன்டென்ட் ஐ.டி.யில் நாமும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால், எங்களுக்கு நடந்ததை நாமே இன்னொருவருக்குச் செய்வோம். நாங்கள் சிந்துகளைச் சேர்ப்பதில்லை.

பணம் வருமா என்றால், பெரிதாக வராது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் 2024 முதல் அதற்குக் காசே கிடையாது. வருகிற கொஞ்சத்தையும் தவில்காரர், நாதஸ்வரக்காரர், பாடியவர் என்று பிரித்துப் போடவேண்டும். அந்தப் பிரிப்பைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். “நமக்குள்ள எதுக்குய்யா பத்திரம்?” என்று பெரிய தவில்காரர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு. முதல் தடவை வந்தது சொற்பத் தொகைதான். ஆனால் கணக்குத் தாளோடு அவர் வங்கிக்கணக்குக்குப் போனது. அடுத்த பதிவுக்கு அவரே “எங்கய்யா அந்தத் தாளு?” என்று கேட்டார்.

எல்லோரும் தொடங்குங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் ஆசை சினிமா வாய்ப்பு என்றால், பெரிய கம்பெனியின் சேனலில் வருவதற்குத் தனி மதிப்பு உண்டு, நாலு இயக்குநர் காதில் விழும். விளம்பரத்துக்கு அவர்களால் செலவழிக்க முடியும், நம்மால் முடியாது. அப்போதும் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் தருகிறேன் என்று கேட்டுப்பாருங்கள். கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதி மெட்டமைப்பவர் என்றால், லேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிவிடுங்கள், அந்தப் பணம் வேறு வழியில் வருவது.

ஒரே ஒரு பாட்டு என்றால் லேபிளாக எதையும் பதிவு செய்யவேண்டாம். விநியோகஸ்தரின் படிவத்தில் லேபிள் பேர் என்ற கட்டத்தில் உங்கள் பேரையே போடலாம். நாலைந்து பேர் சேர்ந்து தொடர்ந்து செய்வதாக இருந்தால் ஒரு கூட்டாண்மைப் பத்திரம், பான், நடப்புக் கணக்கு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. கவலை பொதுவாக இல்லை, அந்தக் கவலை வந்தால் நல்லதுதான். பேருக்கு டிரேட்மார்க் எடுக்கத் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பேர் வைப்பதற்கு முன் டிரேட்மார்க் தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் மெஸ், மசாலா, சிமெண்டு எல்லாவற்றிலும் ‘செட்டிநாடு’ இருக்கிறது. எங்கள் லேபிள் பேரில் அது இல்லாததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.